டி.என்.ஏ. சொல்லிவிடும் என்றார்கள்

2023 முழுக்க எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் எந்த டீக்கடையில் வேங்கைவயல் பேச்சு எழுந்தாலும் அது ஒரே இடத்தில் வந்து நின்றுவிடும். "அதான் டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்காங்கல்ல, டி.என்.ஏ. வந்தா தெரிஞ்சிடப் போவுது." அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். பேசினால் அவசரக்குடுக்கை, அரசியல் பண்ணுகிறவன். அறிவியல் வேலை செய்துகொண்டிருக்கும்போது நீ என்னப்பா நடுவில் என்பார்கள்.

அறிவியல் வேலை செய்தது. முப்பத்தொரு பேரிடம் மாதிரி எடுத்தார்கள். ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை.

என் வாதம் இதுதான்: அந்தச் சோதனை தோற்றதால் நமக்கு உண்மை கிடைக்காமல் போகவில்லை. அது ஜெயித்திருந்தாலும் நாம் கேட்ட கேள்விக்குப் பதில் வந்திருக்காது. டி.என்.ஏ.வைக் கொஞ்சமாவது தெரிந்தவர்களுக்கு இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனாலும் இரண்டு வருடம் அந்த மூன்றெழுத்தை ஒரு திரைச்சீலை மாதிரி தொங்கவிட்டு, பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம்.

நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2022 டிசம்பர் 26. புதுக்கோட்டை மாவட்டம், முட்டுக்காடு ஊராட்சி, வேங்கைவயல். பட்டியல் சாதிக் குடும்பங்கள் குடிக்கும் பத்தாயிரம் லிட்டர் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம். பிள்ளைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போன பிறகுதான் தண்ணீரைச் சந்தேகப்பட்டு மேலே ஏறிப் பார்த்தார்கள். மறுநாள் கலெக்டர் கவிதா ராமு நேரில் வந்தார். பக்கத்து இறையூர் டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதைப் பார்த்தார். அய்யனார் கோயிலுக்குள் விடுவதில்லை என்று மக்கள் சொல்ல, அவர்களைக் கையோடு உள்ளே கூட்டிப்போனார். அந்த இரண்டுக்கும் கைது நடந்தது. 2023 ஜனவரியில் தொட்டி வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. மார்ச்சில் உயர் நீதிமன்றம், ஓய்வுபெற்ற நீதிபதி சத்தியநாராயணன் தலைமையில் ஒரு நபர் ஆணையம் அமைத்தது. ஏப்ரலில் இருந்து மரபணுப் படலம். பதினோரு பேரிடம் மாதிரி எடுக்க நீதிமன்றம் அனுமதித்தது. எட்டுப் பேர் தர மறுத்தார்கள். விவகாரம் மதுரைக் கிளை வரை போய்த்தான் தீர்ந்தது. அப்புறம் சிறுவர்கள் நாலு பேரிடமும் எடுத்தார்கள். 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை. அதில் மூன்று பேர், மூவரும் வேங்கைவயல்காரர்கள், மூவரும் பட்டியல் சாதி. அதற்கு சிபிசிஐடி முன்வைத்தது மரபணுவை அல்ல, கைப்பேசி உரையாடல்களையும் படங்களையும்.

அந்த மூவர் செய்தார்களா இல்லையா என்று தீர்ப்பெழுத இந்தக் கட்டுரை வரவில்லை. அது நீதிமன்றத்தின் வேலை. எனக்கு மரபணுவோடுதான் சண்டை. சரியாகச் சொன்னால், மரபணுவை வைத்து நம்மை வாயடைத்தவர்களோடு.

நான் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன், உயிரியல் படித்தவன் இல்லை. ஆனால் டேட்டாவைப் பொருத்திப் பார்க்கிற வேலை என்னவென்று தெரியும். தடயவியல் டி.என்.ஏ. சோதனை அடிப்படையில் ஒரு பொருத்திப் பார்க்கும் வேலைதான். அதைச் சுற்றி நாம் கட்டியிருக்கும் பிம்பத்தை முதலில் உடைக்க வேண்டும்.

நம் உடம்பில் அநேகமாக எல்லா செல்லுக்குள்ளும் ஒரே புத்தகம் இருக்கிறது. ஒரு தொகுதிக்கு சுமார் 300 கோடி எழுத்து. அம்மாவிடமிருந்து ஒரு தொகுதி, அப்பாவிடமிருந்து ஒன்று. பல்லுக்கு எனாமல் செய்யத் தேவையான மரபணு உங்கள் குடலிலும் இருக்கிறது, குதிகாலிலும் இருக்கிறது. ஆனால் குதிகாலில் எனாமல் முளைப்பதில்லை. எந்த செல் எந்தப் பக்கத்தைத் திறந்து படிக்கிறது என்பதில்தான் விஷயம். இதைத்தான் மரபணு வெளிப்பாடு என்கிறார்கள். ஈரலும் கண்ணும் வேறு வேறாக இருப்பது புத்தகத்தால் அல்ல, வாசிப்பால்.

குற்ற வழக்குகளில் வழக்கமாகச் செய்யப்படும் சோதனை இந்த வாசிப்பு எதையும் தொடுவதில்லை. எல்லா எழுத்தையும் வரிசையாகப் படிப்பதும் இல்லை. அதற்கு மரபணு வரிசைப்படுத்தல் என்று பெயர், அது வேறு வேலை, வேறு செலவு. போலீஸ் சோதனை, புரதம் எதையும் செய்யாத பகுதிகளில் சுமார் இருபது இடங்களை மட்டும் பார்க்கிறது. அங்கே சின்னத் துண்டு ஒன்று திக்குவாய் மாதிரி திரும்பத் திரும்ப வரும். ஏஏடிஜி ஏஏடிஜி ஏஏடிஜி என்று. உங்களுக்கு அம்மா வழியில் அது ஆறு முறை, அப்பா வழியில் ஒன்பது முறை வரலாம். எனக்கு ஏழும் எட்டும் இருக்கலாம். நகலெடுக்கும்போது எண்ணிக்கை தவறுவது, அதாவது பிறழ்வு, இந்தத் திக்கல் பகுதிகளில் மற்ற இடங்களைவிட அதிகம். அதனால்தான் ஆளுக்கு ஆள் இவ்வளவு வேறுபாடு. அதனால்தான் அடையாளம் காண உதவுகிறது. இருபது இடங்களில் எண்ணி எழுதினால் ஒருவருடைய எண் வரிசை இன்னொருவரோடு தற்செயலாக ஒத்துப்போவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். ஒரே கருவில் பிரிந்த இரட்டையர்கள் விதிவிலக்கு.

நம் தொழில் பாஷையில் இது ஒரு ஹேஷ். ஒரு கோப்பின் ஹேஷ், அந்தக் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லாது. இதுவும் அதுவும் ஒரே கோப்பா என்பதை மட்டும் சொல்லும். ஒப்பிட இன்னொன்று இல்லையென்றால் அது வெறும் எண் வரிசை.

இப்போது தொட்டிக்கு வருவோம். மலத்தில் மனித டி.என்.ஏ. இருக்கிறதா? இருக்கிறது, குடல் சுவரிலிருந்து உதிர்ந்த செல்களில். ஆனால் அதில் பெரும் பங்கு பாக்டீரியாவினுடையது. மனிதனுடையது சொற்பம். அந்தச் சொற்பத்தை ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். பாக்டீரியாவின் நொதிகள் அதை நறுக்கிக்கொண்டே இருக்கும். மிஞ்சியதை பிசிஆர் பெருக்கும். கொரோனாவில் மூக்குக்குள் குச்சி விட்டு எடுத்தார்களே, அதே பிசிஆர். முப்பது சுற்று ஓடினால் ஒன்று நூறு கோடியாகும். அருமையான கருவி, மறுக்கவில்லை. ஆனால் ஆரம்பத்தில் ஒழுங்கான துண்டு இருந்தால்தான் பெருக்கம். சில இடங்கள் பெருகும், சில இடங்கள் காணாமல் போகும். கிழிந்த ரசீதை ஜெராக்ஸ் எடுத்தால் கிழிசலும் சேர்ந்துதான் வரும்.

தொட்டி நீரில் ஒரு பெண், இரண்டு ஆண்கள் ஆகியோரின் மரபணு இருந்ததாக அப்போது செய்திகள் வந்தன. வாட்ஸப்பில் இதைப் படித்த பலர் ஏதோ மூன்று பேரின் முகம் தெரிந்துவிட்ட மாதிரி பேசினார்கள். இந்த மாதிரி முடிவு எப்படி வருகிறது தெரியுமா? ஒரு இடத்தில் ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு எண்தான் இருக்க முடியும். ஒரே இடத்தில் ஐந்தோ ஆறோ தெரிந்தால் குறைந்தது மூன்று பேர். ஆணா பெண்ணா என்பதற்கு, மேலே சொன்ன அந்த எனாமல் மரபணுவையே பார்க்கிறார்கள். எக்ஸ் குரோமோசோமில் உள்ள பிரதி ஒய்யில் உள்ளதைவிட ஆறு எழுத்து குட்டை. மலத்தைப் பரிசோதித்துப் பல்லின் மரபணுவைத் தேடுகிறார்கள் என்பது ரசிக்கத்தக்க விஷயம்தான். ஆனால் பலருடையது கலந்த மாதிரியில் யாருடைய எண் எது என்று பிரிப்பது நிபுணர்களையே தடுமாற வைக்கும் வேலை. 2011இல் இதியேல் டிரோர், கிரெக் ஹாம்பிகியன் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் உண்மையான வழக்கு ஒன்றில், குறிப்பிட்ட ஆளை விலக்க முடியாது என்று முடிவான கலப்பு மாதிரி. அதன் தரவை, வழக்கின் பின்னணி எதையும் சொல்லாமல் 17 நிபுணர்களிடம் கொடுத்தார்கள். பன்னிரண்டு பேர் இந்த ஆள் இல்லை என்றார்கள். நாலு பேர் சொல்ல முடியாது என்றார்கள். ஒரே ஒருவர்தான் பழைய முடிவோடு ஒத்துப்போனார். ஒரே தரவு. மாறியது, பார்க்கிறவர் தலைக்குள் இருந்த கதை மட்டும்.

சரி, இதெல்லாம் நுட்பச் சிக்கல். எல்லாம் கச்சிதமாக அமைந்தது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு பெயர் கிடைக்கிறது. அந்தப் பெயர் எதைச் சொல்லும்?

யார் வெளிக்குப் போனார் என்று சொல்லும். யார் ஏணியில் ஏறினார் என்று சொல்லாது.

இதை நான் எத்தனை பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒரு நொடி நிற்கிறார்கள், அப்புறம் "அட, ஆமால்ல" என்கிறார்கள். திறந்தவெளிக்குப் போகும் வழக்கம் இன்னும் முழுக்க ஒழியாத நாடு இது. வயக்காட்டில் கிடப்பதை எவனோ அள்ளி எடுத்துப்போய்ப் போட்டிருந்தால்? டி.என்.ஏ. அந்த அப்பாவியை நோக்கித்தான் விரல் நீட்டும். கத்தியில் இருக்கும் ரத்தம் குத்தப்பட்டவனுடையது. அதை வைத்துக் குத்தியவனைக் கண்டுபிடிக்க முடியாது. இங்கே தேடப்பட்டது கையை, கிடைத்திருக்கக்கூடியது வயிற்றை. தப்பான டேபிளில் குவெரி ஓட்டிவிட்டு ரிசல்ட் வரவில்லை என்று இரண்டு வருடம் காத்திருந்த கதை.

குவெரி என்றதும் ஞாபகம் வருகிறது. எந்தத் தேடலிலும் முக்கியமான வரி, யாருக்குள் தேடுகிறோம் என்பது. அதைக் கணினி எழுதுவதில்லை, மனிதன்தான் எழுதுகிறான். யாரிடம் மாதிரி எடுப்பது என்ற பட்டியலை எந்த ஆய்வகமும் தயாரிக்கவில்லை. விசாரித்தவர்கள் தயாரித்தார்கள். அந்த முதல் பட்டியலில் பெரும்பாலோர் யார்? அந்தத் தண்ணீரைக் குடித்த ஊர்க்காரர்கள். மறுத்தவர்கள் சொன்ன காரணமும் அதுதான்: பாதிக்கப்பட்ட எங்களையே குற்றவாளியாக்கப் பார்க்கிறீர்கள். டிவியில் அதற்கு என்ன சொன்னார்கள்? "மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமெதற்கு?" ஊர்ப் பொதுத் தெருவில் செருப்புப் போட்டு நடக்கவே பயப்பட வைக்கப்பட்ட சனத்திடம் இந்தப் பழமொழியைச் சொல்வதற்கு ஒரு தனி மனத்திடம் வேண்டும். நீங்கள் யாரைச் சோதிக்கவில்லையோ அவர்கள் எல்லோரும் அந்தச் சோதனையில் தானாகவே நிரபராதி ஆகிவிடுகிறார்கள். பொருந்தவில்லை என்ற முடிவுக்கும் அதே கதி. அந்த முப்பத்தொரு பேருடையது இல்லை என்பதற்கு மேல் அதில் ஒரு அர்த்தமும் கிடையாது. முப்பத்திரண்டாவது ஆள் யார் என்று அதற்குத் தெரியாது.

ஊரையே வரிசையில் நிறுத்திச் சோதிக்கும் இந்த யோசனைக்கு ஒரு மூல வரலாறு உண்டு. இங்கிலாந்தில் லெஸ்டர் நகருக்குப் பக்கத்து கிராமங்களில் 1983இலும் 1986இலும் இரண்டு சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1984இல்தான் அலெக் ஜெஃப்ரீஸ் டி.என்.ஏ. கைரேகை முறையைக் கண்டுபிடித்திருந்தார். போலீஸ் பிடித்து வைத்திருந்த பதினேழு வயதுப் பையன் ஒரு கொலையை ஒப்புக்கொண்டே விட்டான், டி.என்.ஏ.தான் அவன் இல்லை என்று காட்டி அவனைக் காப்பாற்றியது. இதற்காக நான் அந்த அறிவியலைக் கையெடுத்துக் கும்பிடுவேன். பிறகு அந்த வட்டாரத்து ஆண்கள் ஐயாயிரம் பேர் அளவுக்கு மாதிரி எடுத்தார்கள். ஒருவரும் பொருந்தவில்லை! ஏனென்றால் கொலைகாரன் காலின் பிட்ச்ஃபோர்க், தன்னோடு வேலை பார்த்தவனைத் தன் பெயரில் ரத்தம் கொடுக்க அனுப்பியிருந்தான். அந்த ஆள் மதுக்கடையில் இதை உளற, கேட்ட ஒரு பெண் போலீசிடம் சொல்ல, 1987இல் பிடிபட்டான். டி.என்.ஏ. அதற்குப் பிறகுதான் உறுதிசெய்தது. உலகின் முதல் ஊர்ச் சோதனையே ஆளைப் பிடித்தது கண்ணும் காதும் வாயும் வைத்துத்தான்.

நம் நீதிமன்றங்களும் இதில் தெளிவாகவே இருக்கின்றன. சரவண பவன் ராஜகோபால் வழக்கு எல்லோருக்கும் தெரியும். கொடைக்கானல் மலையில் கிடைத்த உடலை டி.என்.ஏ. பார்த்து உறுதிசெய்யவில்லையே என்று எதிர்த்தரப்பு வாதாடியது. 2019இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தபோது சொன்னதன் சாரம் இதுதான்: டி.என்.ஏ. என்பது ஒரு நிபுணரின் கருத்து, அதன் எடை வழக்குக்கு வழக்கு மாறும், அது இல்லாததாலேயே வழக்கு விழுந்துவிடாது. மற்ற சாட்சியங்கள் போதுமானதாக இருந்தன, தண்டனை நின்றது. அங்கே இல்லாத டி.என்.ஏ. ஒரு குறையாகவில்லை. இங்கே வராத டி.என்.ஏ. மட்டும் எப்படி எல்லாக் கேள்விக்கும் பதிலானது?

"அப்போ போலீஸ் அறிவியலைப் பயன்படுத்தவே கூடாதா, நாட்டாமை சொம்பு வைத்துத் தீர்ப்புச் சொல்லணுமா?" என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. பயன்படுத்தட்டும். ஹைதராபாத் சிசிஎம்பியில் லால்ஜி சிங், பட்டைக் கட்டுவிரியன் பாம்பின் டி.என்.ஏ.விலிருந்து கிடைத்த துண்டை வைத்து இந்தியாவுக்கென்று ஒரு கைரேகை முறையை உருவாக்கினார். ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பில் சிதறிய உடலை அடையாளம் காண அது உதவியது. அது எனக்குப் பெருமைதான். அங்கே கேள்வியும் கருவியும் பொருந்தின: இந்த உடல் யாருடையது? உடலின் டி.என்.ஏ. அதற்குப் பதில் சொல்லும். வேங்கைவயலின் கேள்வி அது இல்லை.

இன்னொரு பேச்சையும் இங்கே தீர்த்துவிட வேண்டும். இந்தச் சோதனை நடந்தபோது எங்கள் பக்கத்துப் பையன்கள் சிலர் சீரியஸாகவே கேட்டார்கள்: "டெஸ்ட்ல சாதி தெரியுமாண்ணே?" சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை. அந்த இருபது திக்கல் இடங்களில் சாதி எழுதியிருக்காது. ஆனால் முழு மரபணுவையும் பல சமூகங்களில் ஒப்பிட்டவர்கள் வேறொன்றைக் கண்டிருக்கிறார்கள். சிசிஎம்பியின் குமாரசாமி தங்கராஜ், ஹார்வர்டின் டேவிட் ரைக் உள்ளிட்டோரின் 2013 ஆய்வு, இந்தத் துணைக்கண்டத்து மக்கள் சுமார் 4200 ஆண்டுகளுக்கு முன்னிருந்து 1900 ஆண்டுகளுக்கு முன்பு வரை தாராளமாகக் கலந்தார்கள், அதன் பிறகு கதவுகள் சாத்தப்பட்டன என்றது. 2017இல் அடுத்த ஆய்வு: பார்த்த 263 குழுக்களில் 81இல், மரபணுக்காரர்கள் எப்போதும் உதாரணம் காட்டும் ஃபின்லாந்துக்காரர்களையும் அஷ்கெனாசி யூதர்களையும்விட அதிகமான உள்ளடைப்பு. உள்ளுக்குள்ளேயே கட்டிக்கொண்டால் என்ன ஆகும்? யாரோ ஒரு முப்பாட்டனிடம் தோன்றிய பிறழ்வு அம்மா வழியிலும் அப்பா வழியிலும் வந்து ஒரே பிள்ளையிடம் ஜோடி சேரும். வைசிய சமூகத்தில் பிசிஎச்இ என்ற மரபணுவில் இப்படி ஒரு பிறழ்வு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். ஈரல் தயாரிக்க வேண்டிய ஒரு நொதி அவர்களில் சிலருக்குக் கிட்டத்தட்ட இருப்பதே இல்லை. அன்றாட வாழ்க்கையில் ஒன்றும் தெரியாது. அறுவை சிகிச்சை மேஜையில் தசையைத் தளர்த்தும் ஒரு குறிப்பிட்ட மருந்தைக் கொடுத்தால் சில நிமிடங்களில் திரும்ப வேண்டிய மூச்சு மணிக்கணக்கில் திரும்பாது. ஆக, சாதியை மரபணு உண்டாக்கவில்லை. சாதிதான் மரபணுவில் வடு போட்டிருக்கிறது. "ரத்தத்துலயே இருக்கு மாப்ள" என்று மீசை முறுக்கும் ரீல்ஸ்காரர்களுக்கு இதை அனுப்பி வையுங்கள். ரத்தத்தில் இருப்பது இதுதான்.

வேங்கைவயலில் தெரிந்துகொள்ள வேண்டிய பெரிய விஷயத்துக்கு ஆய்வகம் தேவையே இருக்கவில்லை. பட்டியல் சாதியினர் வழக்கமாகப் பயன்படுத்தும் நீர்நிலையை அசுத்தப்படுத்துவது குற்றம் என்று 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறது. யாரோ உட்கார்ந்து கற்பனை பண்ணி எழுதிய பிரிவு இல்லை அது. நாடு முழுக்க நடந்துகொண்டே இருந்ததால் எழுத வேண்டி வந்தது. அந்தச் சட்டம் பட்டியல் சாதியினர் மேல் பாயாது என்பதால், குற்றப்பத்திரிகையில் மூன்று பட்டியல் சாதிப் பெயர்கள் வந்ததும் வழக்கு வன்கொடுமைச் சிறப்பு நீதிமன்றத்தை விட்டு நடுவர் நீதிமன்றத்துக்கு நகர்ந்தது. தொட்டிக்குள் மலம் போட்டது யாராக இருந்தாலும் இருக்கட்டும். இரட்டைக் குவளையும் பூட்டிய கோயிலும் இருந்த ஊரில் நடந்த இது, காகிதத்தில் இனி சாதிக் குற்றமே இல்லை. மூவர் குற்றவாளிகள் என்று நிரூபணமானால்கூட அந்தக் குவளைகள் இருந்தது இருந்ததுதானே? அவற்றை யாரும் மறுக்கவில்லை, ஒப்பிட்டுப் பார்க்க யாருடைய ரத்தமும் வேண்டியிருக்கவில்லை.

இதில் எனக்கு அரசாங்கத்தைவிட நம் ஆட்கள் மேல்தான் கோபம். படித்தவர்கள், டெக் ஆட்கள், 'அறிவியல் பார்வை' என்று பயோவில் போட்டுக்கொள்கிறவர்கள். ரிப்போர்ட் வரட்டும் என்பது நமக்கு ரொம்ப வசதியான வாக்கியம். நடுநிலையாகவும் இருக்கலாம், நவீனமாகவும் இருக்கலாம், ஊர்ப்பக்கம் போகும்போது யாரையும் பகைத்துக்கொள்ளவும் வேண்டாம். சித்தன்னவாசல் ஓவியத்தைப் போட்டோ எடுத்து ஸ்டோரி போட வருகிறவர்கள் அன்னவாசல் வட்டாரத்து டீக்கடைகளில்தான் நின்று டீ குடித்துவிட்டுப் போகிறார்கள். எந்தக் குவளை யாருக்கு என்று எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?

2022 டிசம்பர் 27 அன்று ஒரு கலெக்டர் ஒரு கடைக்குள் நுழைந்தார், அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. அன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் 497 ஊராட்சிகள் இருந்தன. மற்ற 496க்கும் போய்ப் பார்க்க எந்தக் கருவி வருவதற்காகக் காத்திருக்கிறோம்?